வெயிலும் பெராக்சைடும் சேர்ந்தால் சாயக்கழிவு என்ன ஆகும், தெரியுமா?

சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாத மஞ்சள் கறை, துணியை வெயிலில் விரித்துப் போட்டால் தானாக வெளுத்துவிடும். ஈரோட்டுப் பக்கம் இது எல்லா வீட்டுக்கும் தெரிந்த சங்கதி. அந்தக் கறை எங்கே போகிறது, தெரியுமா? எங்கேயும் போவதில்லை! மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்ற மூலக்கூறு வெயிலின் அடி தாங்காமல் துண்டு துண்டாக உடைகிறது. உடைந்த துண்டுகளுக்கு மஞ்சள் நிறம் கிடையாது. அதனால் கறை கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்தத் துண்டுகளில் ஒன்று வனிலின் என்பது இன்னும் பெரிய ஆச்சரியம். ஆமாம், ஐஸ்கிரீமுக்கு வாசம் கொடுக்கும் அதே வனிலின்!

குர்குமினை முறிக்கிற வெயில் திருப்பூர்ச் சாயத்தை முறிக்காதா? வயலில் அடித்த பூச்சிமருந்தை முறிக்காதா? முறிக்கும். வெயிலுக்குச் சரியான துணை மட்டும் வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஓசோன், இரும்பு உப்பு, டைட்டானியம் டை ஆக்சைடு என்று அந்தத் துணைகளின் பட்டியல் நீளும். 1987-இல் வில்லியம் கிளேஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் இத்தகைய முறைகளை ஒரே குடும்பமாகச் சேர்த்து 'மேம்பட்ட ஆக்ஸிஜனேற்ற முறைகள்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் கொஞ்சம் மிரட்டுகிறது. வேலையைப் பார்த்தால் மலைத்துப் போவீர்கள்.

நச்சுத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பெரும்பாலான முறைகள் நச்சை அழிப்பதே இல்லை, தெரியுமா? கரித்தூள் வடிகட்டி நச்சைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். கடைசியில் அந்தக் கரியே நச்சாகிவிடும். படிகாரம் போட்டால் நச்சு அடியில் சேறாகப் படியும். அந்தச் சேற்றை எங்காவது கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும். ஆர்.ஓ. சவ்வு ஒரு பக்கம் நல்ல தண்ணீரைத் தரும், மறுபக்கம் முன்னைவிடக் கடுமையான கழிவைத் தரும். இங்கெல்லாம் நச்சு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். ஒளியும் ஆக்ஸிஜனேற்றியும் சேர்ந்தால் மூலக்கூறையே முறிக்கும். கடைசிவரை போகவிட்டால் மிஞ்சுவது கரியமில வாயு, தண்ணீர், சாதாரண உப்புகள் சில! எனக்கு இந்த வித்தையின் மீது இத்தனை பிரியம் வரக் காரணமே இதுதான்.

இந்த வேலையைச் செய்யும் மாவீரன் யார், தெரியுமா? ஒரே ஓர் ஆக்ஸிஜன் அணு, ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு, ஜோடி இல்லாத ஓர் எலக்ட்ரான். பெயர் ஹைட்ராக்சில் ரேடிக்கல். தண்ணீர் மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிய்த்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது இதுதான். ஜோடி இல்லாத அந்த எலக்ட்ரான் சும்மா இருக்காது. பக்கத்தில் எந்தக் கரிமப் பொருள் வந்தாலும் அதிலிருந்து ஒரு ஹைட்ரஜனையோ எலக்ட்ரானையோ பறித்துக்கொள்ளும். ஆக்ஸிஜனேற்றும் வலிமையை வோல்ட் கணக்கில் அளப்பார்கள். நம் குடிநீரில் கலக்கும் குளோரினுக்கு 1.36. பெராக்சைடுக்கு 1.78. ஓசோனுக்கு 2.07. ஹைட்ராக்சில் ரேடிக்கலுக்கு 2.8! இதைவிட வலுவானது என்று சொல்ல ஃப்ளூரின்தான் இருக்கிறது. அதைத் தண்ணீரில் விட்டால் தண்ணீரையே தாக்கும்.

இத்தனை பலசாலியின் ஆயுள் எவ்வளவு, தெரியுமா? கழிவுநீரில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம்! பிறக்கும், அடுத்த நொடித்துளியில் எதையாவது முறித்துத் தானும் தீர்ந்துபோகும். பாட்டிலில் அடைத்து விற்க முடியாது, நாளைக்கு என்று எடுத்துவைக்க முடியாது. வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில், அந்தத் தண்ணீருக்குள்ளேயே உண்டாக்க வேண்டும். ஒளி தேவைப்படுவது அதற்குத்தான். பெராக்சைடு மூலக்கூறு ஒன்றின் மீது புறஊதாக் கதிர் விழுந்தால் அது நடுவில் பிளந்து இரண்டு ஹைட்ராக்சில் ரேடிக்கல்கள் கிடைக்கும்.

இது மனிதன் கண்டுபிடித்த வித்தை என்று நினைத்துவிடாதீர்கள். நம் தலைக்கு மேலே காற்றுமண்டலத்தில் பகல் முழுக்க இதேதான் நடக்கிறது! ஓசோன் மீது சூரியனின் புறஊதாக் கதிர் விழுந்து, ஈரப்பதமும் சேர்ந்து, ஹைட்ராக்சில் ரேடிக்கல்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. மீத்தேனையும் கார்பன் மோனாக்சைடையும் காற்றிலிருந்து கழுவித் தள்ளுவது அவைதான். நம் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள்கூடக் கிருமியை விழுங்கியதும் பெராக்சைடு போன்ற ஆக்ஸிஜனேற்றிகளைச் சுரந்துதான் அதைக் கொல்கின்றன.

புளியில் தொடங்கிய கதை

இந்த வேதியியலின் கதை புளியில் இருக்கும் அமிலத்தில் தொடங்கியது, தெரியுமா? நாம் ரசத்துக்குக் கரைக்கும் புளியின் புளிப்புக்கு முக்கியக் காரணம் டார்டாரிக் அமிலம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஹென்றி ஜான் ஹார்ஸ்ட்மன் ஃபென்டன் என்ற இளைஞர் அந்த அமிலத்தோடு இரும்பு உப்பையும் பெராக்சைடையும் கலந்து பார்த்தார். ஊதா நிறம் ஒன்று தோன்றியது! 1876-இல் அதைச் சிறு குறிப்பாக எழுதினார். விரிவான கட்டுரை வந்தது 1894-இல். இரும்பு துளியளவு இருந்தாலே பெராக்சைடு பன்மடங்கு வீரியம் பெறுகிறது என்று அவர் காட்டினார். அதற்குள் என்ன நடக்கிறது என்பதற்கு ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற விடையை ஹேபர், வைஸ் என்ற வேதியியலாளர்கள் முன்வைக்க மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின: 1934. அந்த வினைக்கு இன்றும் ஃபென்டன் வினை என்றுதான் பெயர். அவர் மனத்தில் கழிவுநீர் என்ற நினைப்பே இருந்திருக்காது. இன்று உலகம் முழுக்கத் தொழிற்சாலைக் கழிவைச் சுத்தம் செய்ய அந்த வினை உழைக்கிறது.

இதோ, திருப்பூர்க்காரர்களைத் தூக்கிவாரிப்போடும் செய்தி: ஃபென்டன் வினையைத் திருப்பூர் சலவைப் பட்டறைகள் பல காலமாக அறியும், எதிரியாக! பனியன் துணியை வெளுப்பது எதை வைத்து? ஹைட்ரஜன் பெராக்சைடை வைத்துத்தான். அப்போது துணியில் ஒரு துரும்பு துரு ஒட்டியிருந்தாலோ, தண்ணீரில் இரும்பு இருந்தாலோ, அந்த இடத்தில் துணியில் ஓட்டை விழும். ஊசிமுனை அளவு ஓட்டைகள். பல நேரம் சாயம் ஏற்றி முடித்த பிறகுதான் கண்ணில் படும். மொத்த லாட்டும் போச்சு. காரணம் என்ன, தெரியுமா? இரும்பும் பெராக்சைடும் சந்தித்த இடத்தில் ஹைட்ராக்சில் ரேடிக்கல் பிறந்து பருத்தி நாரின் செல்லுலோசையே முறித்துவிட்டது! வெளுப்புத் தொட்டியில் இரும்பைக் கட்டிப்போடும் ரசாயனத்தைச் சேர்ப்பது இதற்காகத்தான்.

இன்னொன்று கேளுங்கள். வெளுத்து முடித்த துணியில் மிச்சப் பெராக்சைடு இருந்தால் அடுத்து ஏற்றும் சாயத்தைக் கெடுத்துவிடும். அதனால் 'பெராக்சைடு கில்லர்' என்று கேட்டலேஸ் நொதியை விட்டு அதைக் கொன்ற பிறகே சாயமேற்றுவார்கள். காயத்தில் பெராக்சைடு ஊற்றினால் நுரைத்துப் பொங்குமே, அதுவும் நம் உடம்பில் இருக்கும் அதே கேட்டலேஸின் வேலைதான். ஆக, துணியில் வேண்டாத அந்த முறிப்பு வேலையைத்தான் கழிவுத் தொட்டியில் நாம் வேண்டுகிறோம். பெராக்சைடு ஊருக்குள் லாரி லாரியாக வருகிறது. இரும்பு உப்பு மலிவு. வெயிலுக்குப் பல்லடத்திலும் காங்கயத்திலும் குறைவா?

இரும்பு என்றதும் நொய்யல் கரையின் கொடுமணல் நினைவுக்கு வருகிறது. சென்னிமலைக்கு மேற்கே உள்ள சிற்றூர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே இரும்பு உருக்கினார்கள், எஃகு செய்தார்கள், மணிக்கற்களுக்குத் துளையிட்டு மாலை கோத்தார்கள் என்று அகழாய்வுகள் காட்டுகின்றன. பதிற்றுப்பத்து இந்த ஊரைக் கொடுமணம் என்று குறிப்பிடுகிறது. இரும்புத் தொழிலால் பேர் வாங்கிய அதே ஆற்றங்கரையில், சாயம் கலந்த தண்ணீரை மீட்க இரும்பே துணைக்கு வரமுடியும் என்பது எனக்குச் சிலிர்ப்பாக இருக்கிறது.

ஃபென்டன் வினைக்கு வெளிச்சம் பட்டால் என்ன ஆகும், தெரியுமா? இரும்பு ஒருமுறை வேலை செய்ததும் வேறு வடிவத்துக்கு மாறி அசந்துவிடும். அது பழைய நிலைக்குத் திரும்புவது மெதுவாகத்தான் நடக்கும். ஒளி பட்டால் உடனே திரும்பிவிடும். திரும்பும்போதே இன்னொரு ஹைட்ராக்சில் ரேடிக்கலையும் கொடுக்கும்! அதனால் கொஞ்சம் இரும்பு போதும், சேறும் குறையும். ஆக்சலேட் போன்ற அமிலத்தோடு இரும்பைச் சேர்த்துவிட்டால் புறஊதா மட்டுமல்லாமல் கண்ணுக்குத் தெரியும் நீல, பச்சை ஒளிகூட வேலை செய்யும். ஸ்பெயினின் அல்மேரியா பாலைவன வெயிலுக்குப் பேர்போன இடம். பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் காய்கறி விளையும் பூமி. அங்கே பூச்சிமருந்து பாட்டில்களைக் கழுவிய தண்ணீரை வெயிலும் இரும்பும் பெராக்சைடும் கொண்டு சுத்தம் செய்யும் ஆலையை 2004-இலேயே நிறுவினார்கள். நம் ஊரில் காலி மருந்து பாட்டில்கள் வாய்க்கால் ஓரம் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அல்மேரியா ஞாபகம் வரும்.

வெள்ளைப் பெயின்ட்டுக்குள் ஒரு வினையூக்கி

சுவரில் அடிக்கும் வெள்ளைப் பெயின்ட், பற்பசை இவற்றின் வெண்மை எதிலிருந்து வருகிறது, தெரியுமா? டைட்டானியம் டை ஆக்சைடு. ஜப்பானில் அகிரா புஜிஷிமாவும் கெனிச்சி ஹோண்டாவும் இதில் ஒளிபட்டால் தண்ணீரே ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிகிறது என்று 1972-இல் நேச்சர் இதழில் எழுதி உலகத்தை அசத்தினார்கள். நான்கே ஆண்டுகளில், 1976-இல், கனடாவில் ஜான் கேரியும் தோழர்களும் இதே தூளைக் கொண்டு தண்ணீரில் இருந்த பிசிபி என்ற கொடிய ரசாயனத்தை முறித்துக் காட்டினார்கள். தூள் தீர்ந்து போவதில்லை. ஒளி விழ விழ அது வேலை செய்துகொண்டே இருக்கும்!

அதன் மூலப்பொருள் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலில் இருக்கிறது. இல்மனைட் என்ற அந்தத் தாதுவில் இரும்பும் உண்டு, டைட்டானியமும் உண்டு. நச்சு முறிக்கும் இரண்டு பொருளும் ஒரே மணல்துகளில்!

தமிழ்நாட்டு ஆய்வுக்கூடங்கள் இதில் எத்தனை முன்னால் நின்றன என்பது பலருக்குத் தெரியாது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் வி. முருகேசனும் சக ஆய்வாளர்களும் வெயிலில் சாயத்தை வைத்துப் பார்த்தார்கள். 2003-இல் வெளியான அவர்களின் ஆய்வில், ஆசிட் பிரவுன் 14 என்ற சாயத்தை முறிப்பதில் உலகப் புகழ்பெற்ற டைட்டானியம் டை ஆக்சைடையே துத்தநாக ஆக்சைடு முந்திவிட்டது! வெயிலின் ஒளியில் அதிகப் பங்கை அது உறிஞ்சிக்கொள்கிறது என்பது அவர்கள் கண்ட காரணம். உலகம் முழுக்க ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டும் கட்டுரை அது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எம். முருகானந்தமும் எம். சுவாமிநாதனும் 2004-இல் ரியாக்டிவ் ஆரஞ்சு 4 என்ற சாயத்தை ஃபென்டன் முறையிலும், ஒளி சேர்த்த ஃபென்டன் முறையிலும் நிறமிழக்கச் செய்தார்கள். ரியாக்டிவ் என்ற சொல்லைக் கவனியுங்கள். பருத்தித் துணிக்குத் திருப்பூர் போடும் சாயங்கள் பெரும்பாலும் அந்த வகைதான்.

பருத்தியோடு வேதிப்பிணைப்பே போட்டுக்கொள்ளும் அந்தச் சாயங்களை 1956-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. துவைத்தால் போகாது. அருமையான கண்டுபிடிப்பு! ஆனால் ஒரு சிக்கல். தொட்டியில் போடும் சாயம் முழுவதும் துணியில் ஏறுவதில்லை. நிறத்தையும் முறையையும் பொறுத்துப் பத்து முதல் நாற்பது சதவீதம் வரை தண்ணீரோடு சேர்ந்து கெட்டு, தண்ணீரோடே வெளியேறுகிறது. துணியை விட்டுப் போகக்கூடாது என்று உறுதியாகப் படைக்கப்பட்ட அந்த மூலக்கூறு ஆற்றிலும் எளிதில் அழியாது. பல சாயங்களின் நடுவே இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் கோத்து நிற்கும்; அதற்கு அசோ பிணைப்பு என்று பெயர். நிறத்தின் உயிர்நிலை அங்கேதான். ஹைட்ராக்சில் ரேடிக்கலும் ஓசோனும் முதலில் அடிப்பதும் அங்கேதான். அதனால்தான் நிமிடக் கணக்கில் நிறம் மறைகிறது.

நிறம் மறைந்ததும் நச்சும் தீர்ந்ததா? இல்லவே இல்லை! அசோ பிணைப்பு காற்றில்லாத சூழலில் உடைந்தால் அனிலின் வகை அமைன்கள் பிறக்கலாம். அவற்றில் சில புற்றுநோயை உண்டாக்குபவை. 1994-இல் ஜெர்மனி இத்தகைய சாயங்களைத் தடை செய்தது. 2002-இல் ஐரோப்பிய ஒன்றியம் 22 அமைன்களைப் பட்டியலிட்டு, துணியில் கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் வரக்கூடாது என்றது. ஏற்றுமதி ஊரான திருப்பூருக்கு அந்தப் பட்டியல் மனப்பாடம். ஒளியால் முறிக்கும்போதும் பாதி வழியில் நிறுத்திவிட்டால் இடைப்பொருள்கள் சில தண்ணீரில் தங்கும். சில நேரம் மூலப்பொருளைவிடக் கெடுதலாகவும் இருக்கும். அதனால் தெளிந்த தண்ணீரைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல், அதில் மிஞ்சியுள்ள மொத்தக் கரிமக் கார்பன் எவ்வளவு என்று அளக்க வேண்டும். கண்ணாடிக் குவளையில் நிறம் போன தண்ணீரைத் தூக்கிக் காட்டும் எந்தச் செய்முறையைப் பார்த்தாலும் நான் கேட்க நினைக்கும் முதல் கேள்வி அதுதான்.

நொய்யல்

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலைத் தொட்டு, கோவையின் குளங்களுக்கு நீர் கொடுத்து, திருப்பூரைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு நொய்யல். சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் அதன் குறுக்கே 1992-இல் அணை திறந்தார்கள். ஆயக்கட்டு விவசாயிகளுக்குப் பாசனம் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பு. அணையில் வந்து தேங்கியது என்ன? மேலே இருந்த சாய, சலவை ஆலைகளின் கழிவு! தங்களுக்காகக் கட்டிய அணையின் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்ச வேண்டிய கொடுமை இந்த மண்ணில் நடந்தது. கிணறுகள் கெட்டன. தென்னை கருகியது. அந்த விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்ற நிலையை ஆலைகள் எட்டியாக வேண்டும் என்று சொன்னது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதே பக்கம் நின்றது. அப்படியும் கழிவு நிற்காததால், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் ஆலைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகள் ஒரே வீச்சில் நின்றன!

அப்போதே வெயிலையும் பெராக்சைடையும் விட்டுச் சாயத்தை முறித்திருந்தால் நொய்யல் பிழைத்திருக்குமா? இங்கேதான் பெரிய உண்மை ஒன்று இருக்கிறது. விவசாயியின் நிலத்தைக் கொன்றதில் நிறத்தைவிட உப்புக்கே பெரிய பங்கு. ரியாக்டிவ் சாயத்தைத் துணியில் ஏற்ற உப்பு கொட்ட வேண்டும். அடர்நிறத்துக்கு லிட்டருக்கு 60, 80 கிராம்கூடப் போகும். கடல் நீரில் லிட்டருக்கு எவ்வளவு, தெரியுமா? சுமார் 35 கிராம்தான்! சாயத்தொட்டி கடலைவிட உப்பு. சோடியமும் குளோரைடும் தனிமங்களின் அயனிகள். எந்த ஒளியும் எந்த ரேடிக்கலும் அவற்றை முறித்து இல்லாமல் ஆக்க முடியாது. உப்பைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். ஒளியால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சாயக்கழிவுக்குத் தீர்வு விற்க வந்தால், தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு, அதாவது டிடிஎஸ், என்ன ஆகும் என்று கேளுங்கள்.

அந்த உப்பைத் திருப்பூர் பிரித்தெடுக்கிறது என்பதுதான் அடுத்த அதிசயம். பொது சுத்திகரிப்பு நிலையங்களில் முதலில் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்கின்றன. பிறகு நிறம் நீக்குகிறார்கள். சில இடங்களில் அதற்கு ஓசோன் உதவுகிறது. அடுத்து ஆர்.ஓ. அதில் மிஞ்சும் கடும் உப்புநீரைக் கொதிகலன் ஆவியால் காய்ச்சி உப்பையே மீட்கிறார்கள். நல்ல தண்ணீரும் உப்பும் திரும்பவும் சாயப்பட்டறைக்கே போகின்றன! அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையத்தில், ஆர்.ஓ. மிச்ச உப்புநீரைச் சுத்தம் செய்து நேரடியாகச் சாயமேற்றவே பயன்படுத்தும் முறையை நடைமுறையில் காட்டினார்கள். நாளொன்றுக்கு 13 கோடி லிட்டர் அளவுக்குத் தண்ணீரை மறுபடி பயன்படுத்துகிறோம் என்று திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் பெருமையோடு சொல்கிறார்கள். அந்தப் பெருமை நியாயமானது. உலகத்தில் ஓர் ஊர் மொத்தமும் இப்படிச் செய்வது அபூர்வம்.

அப்படியானால் ஒளிக்கு இந்தச் சங்கிலியில் எந்த இடம்? முதல் இடம் இல்லை. அடர்சிவப்புச் சாயக்கழிவுக்குள் ஒளி நுழையவே முடியாது! எந்தச் சாயத்தை முறிக்க வந்ததோ அந்தச் சாயமே ஒளியை மேல்மட்டத்திலேயே விழுங்கிவிடும். குளோரைடும், போர்வெல் தண்ணீரில் ஏராளமாக இருக்கும் பைகார்பனேட்டும் ஹைட்ராக்சில் ரேடிக்கலைக் குறுக்கே புகுந்து தின்றுவிடும். ஃபென்டன் வினைக்கோ தண்ணீரை பிஎச் 3 வரை புளிக்கவைக்க வேண்டும், பிறகு காரம் போட்டுச் சமன் செய்ய வேண்டும். அதுவே இன்னும் உப்பைச் சேர்க்கும், இரும்புச் சேறும் மிஞ்சும். நுண்ணுயிர்கள் மலிவாகத் தின்னக்கூடியதைத் தின்று முடிக்கட்டும். அவை கைவிட்ட பிடிவாதமான மூலக்கூறுகளை ஓசோனோ, ஒளியும் பெராக்சைடுமோ முறிக்கட்டும். சவ்வு அழுக்கேறாமல் நெடுநாள் உழைக்கும், மீட்ட உப்பிலும் நிறம் ஒட்டாது. என் கண்ணுக்கு ஒளியின் உண்மையான இடம் இதுதான்: நடுவில், குறைந்த அளவில், மற்ற எல்லோரும் தோற்ற மூலக்கூறுக்கு எதிரே.

இன்னும் கேளுங்கள்

இடி மின்னலுக்குப் பிறகு காற்றில் ஒரு கூர்மையான வாசம் வருமே, அது ஓசோன், தெரியுமா? பாசல் நகரத்து வேதியியலாளர் ஷோன்பைன் 1839-இல் அதை அடையாளம் கண்டார். பிரான்சின் நீஸ் நகரம் 1906-இலேயே ஓசோன் விட்டுக் குடிநீரைச் சுத்தம் செய்யத் தொடங்கிவிட்டது. ஆலைகளில் இன்றும் மின்னலின் அதே தத்துவம்தான்: ஆக்ஸிஜனுக்குள் உயர் மின்னழுத்தம் பாய்ச்சி ஓசோனை அங்கேயே உண்டாக்கி அங்கேயே செலவழிக்கிறார்கள். தண்ணீரில் புரோமைடு இருந்தால் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஓசோன் அதைப் புரோமேட் ஆக்கும். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

உங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கும் சுத்திகரிப்பானில் யுவி விளக்கு இருக்கிறதா? அது ரசாயனத்தை முறிக்கும் என்று நம்பிவிடாதீர்கள்! அந்த 254 நானோமீட்டர் ஒளி கிருமியின் டிஎன்ஏவை முடமாக்கும், கிருமி பெருகாது. அதற்குக் கொஞ்சம் ஒளி போதும். பெராக்சைடைப் பிளந்து ரசாயனத்தை முறிக்க அதைப்போல் பத்து மடங்கும் அதற்கு மேலும் ஒளி வேண்டும். தெளிந்த தண்ணீரை பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து ஆறு மணி நேரம் வெயிலில் வைத்தால் வயிற்றுப்போக்குக் கிருமிகள் சாகும் என்பதும் உண்மைதான். ஏழை நாடுகள் பலவற்றில் அது உயிர் காக்கிறது. அதுவும் கிருமிக்குத்தான், சாயத்துக்கோ பூச்சிமருந்துக்கோ இல்லை. பூமிக்கு வந்து சேரும் வெயிலில் புறஊதாவின் பங்கு நூற்றுக்கு நான்கைந்துதான்.

சாக்கடை நீரைக் குடிநீராக்கும் ஊர் இருக்கிறது, தெரியுமா? அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஆரஞ்சு கவுன்டி. 2008 முதல் சுத்திகரித்த கழிவுநீரை நுண்வடிகட்டி, ஆர்.ஓ., கடைசியாகப் புறஊதாவும் பெராக்சைடும் என்ற மூன்று படிகளில் ஏற்றி நிலத்தடியில் சேர்க்கிறார்கள். ஆர்.ஓ. சவ்வையே ஏமாற்றி நழுவும் மிகச் சிறிய மூலக்கூறுகள் உண்டு. என்டிஎம்ஏ அவற்றில் ஒன்று. அதை முறிக்கத்தான் கடைசி ஒளி. பெராக்சைடோ, வேலை முடிந்ததும் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்துபோகும்.

இவ்வளவு பலசாலியான ஹைட்ராக்சில் ரேடிக்கலும் தோற்கும் இடம் ஒன்று உண்டு, தெரியுமா? மழைநீர் ஒட்டாத ஜாக்கெட், கறை பிடிக்காத துணி, ஒட்டாத தவா இவற்றோடு தொடர்புடைய ஃப்ளூரின் ரசாயனங்கள். பிஎஃப்ஏஎஸ் என்று அழைக்கிறார்கள். கார்பனும் ஃப்ளூரினும் சேர்ந்த பிணைப்பு கரிம வேதியியலிலேயே மிக வலுவானவற்றில் ஒன்று. அதில் பறிக்க ஹைட்ரஜன் இல்லை. ஃப்ளூரினோ எலக்ட்ரானை விட்டுத் தராது. அதனால் ஆய்வாளர்கள் வழியையே தலைகீழாக மாற்றிவிட்டார்கள்! சல்ஃபைட் உப்பின் மீது புறஊதாக் கதிரைப் பாய்ச்சினால் தண்ணீருக்குள் தனி எலக்ட்ரான்கள் துள்ளி வெளியே வருகின்றன. பறிப்பதற்குப் பதில் இப்போது கொடுக்கிறார்கள். எலக்ட்ரானை வாங்கிக்கொண்ட கார்பன்-ஃப்ளூரின் பிணைப்பு உடைகிறது. ஆக்ஸிஜன் கரைந்திருந்தால் அந்த எலக்ட்ரானை அது தட்டிப்பறித்துவிடும், தண்ணீரும் காரமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் நிறைய. நீர் ஒட்டாத துணிக்கு ஃபினிஷிங் கொடுக்கும் ஊர்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஆய்வு நேரடிச் சொந்தம்; திருப்பூருக்கும்தான்.